பட்ஜெட் ஃபுல் சஸ்பென்ஷன் மின்சைக்கிள்: முதல் 200 கிலோமீட்டருக்குள் செய்து முடிக்க வேண்டியவை

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மின்சார மலைச் சைக்கிள் குறைந்த விலையில் வருகிறது என்றால், அந்த விலையில் பெரும்பங்கை மோட்டாரும் பேட்டரியும் எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சத்தில்தான் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கால்கள்), ஷாக் (பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் பாகம்), பிரேக், சக்கரம் எல்லாம் வாங்கிப் பூட்டியிருப்பார்கள். அதனால் இந்த வண்டிகள் வழியில் நின்றுபோவதற்கு மோட்டார் காரணமாக இருப்பது குறைவு. ஸ்போக் தளர்வது, பிவட் (பின் சஸ்பென்ஷன் மடங்கி அசையும் இணைப்பு) போல்ட் கழல்வது, பிரேக் பேட் ரோட்டரில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) சரியாகப் பதியாமல் இருப்பது, அச்சு நட் இறுகாமல் இருப்பது, இவைதான் அடிக்கடி பார்க்கிற காரணங்கள். நான்குமே ஸ்பேனரும் ஆலன் சாவியும் இருந்தால் வீட்டிலேயே தீருகிறவை. புதிய பாகம் வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் இவற்றை முடித்துவிடுங்கள்.

இங்கே சொல்வது பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் (ஹப் மோட்டார்) உள்ள, 28 முதல் 35 கிலோ வரை எடையுள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். இந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

பெட்டியைப் பிரித்ததும்

வண்டி பாதி பூட்டிய நிலையில் வரும். முன் சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் ஆகியவற்றை நீங்கள் பூட்ட வேண்டும். பெட்டிக்குள் இடம் மிச்சப்படுத்த ஃபோர்க்கைத் திருப்பி வைத்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் அப்படியே சக்கரத்தை மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. டிஸ்க் காலிப்பர் (பிரேக் பேட்டுகள் இருக்கும் பாகம்) வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் ஃபோர்க் முன்பின்னாகத் திரும்பியிருக்கிறது.

இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். இரண்டு பெடலையும் முதலில் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிப் பாருங்கள். விரலால் ஏறாத பெடலை ஸ்பேனரால் தள்ளினால் கிராங்கின் அலுமினிய மரை போய்விடும், பிறகு கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். மரையில் கிரீஸ் தடவி 35 நியூட்டன் மீட்டர் (இறுக்க விசையின் அலகு) அளவுக்கு இறுக்குங்கள். சதுர அச்சில் உட்காரும் கிராங்க் போல்ட்டுக்கும் 35 முதல் 40 வேண்டும். முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு அதை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். இதை விட்டுவிட்டு ஓட்டினால் கிராங்கின் சதுரத் துளை தேய்ந்து வட்டமாகும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது.

ஹெட்செட்டை (ஃபோர்க் திரும்பும் பேரிங்) சரிசெய்ய ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, மேல் மூடியின் போல்ட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது, ஹெட்செட்டின் மேல் வைத்த விரலுக்கு ஆட்டம் தெரியக் கூடாது. ஹேண்டில்பாரும் தங்கு தடையின்றித் திரும்ப வேண்டும். அந்த நிலை வந்ததும் ஸ்டெம் போல்ட்டுகளை 5 அல்லது 6 நியூட்டன் மீட்டருக்கு மாறி மாறி இறுக்குங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முன்தகட்டின் மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கட்டும்.

இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குவது வீண் செலவு இல்லை. கைக்கணக்கில் இறுக்குகிறவர்கள் சிறிய போல்ட்டை அளவுக்கு மீறியும் பெரிய போல்ட்டை அளவு குறைவாகவும் இறுக்குவதுதான் வழக்கம்.

பிவட்டும் ஷாக்கும்

பின் சஸ்பென்ஷனில் சோதிக்க வேண்டியவை இரண்டு: ஆட்டம் இருக்கிறதா, இறுகிப் பிடிக்கிறதா. சீட்டைப் பிடித்து வண்டியின் பின்பகுதியை லேசாகத் தூக்கித் தூக்கி விடுங்கள். சக்கரம் தரையை விட்டு எழும் முன் "டக்" என்று ஒரு சிறு அசைவு தெரிந்தால் ஷாக்கின் கண்ணில் (முனைத் துளை) உள்ள புஷ்ஷிலோ (துளைக்குள் பொருந்தும் குழாய்) பிவட்டிலோ ஆட்டம் இருக்கிறது. எங்கே என்று அறிய, இன்னொருவரைத் தூக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள்.

இறுக்கத்தைப் பார்க்க ஷாக்கின் ஒருபக்க போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தோடு பின்கையை (பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஃபிரேம் பகுதி) மேலே தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே அது தடையில்லாமல் கீழே இறங்க வேண்டும். பாதியில் நின்றால் பிவட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். மலிவான வண்டிகளில் பிவட்டுக்குள் பேரிங் இருக்காது, பிளாஸ்டிக் அல்லது பித்தளை புஷ்தான் இருக்கும். அது இறுகிப் பிடித்தால் சஸ்பென்ஷன் வேலை செய்யாது, புஷ்ஷும் சீக்கிரம் தேய்ந்துவிடும். கையேட்டில் இறுக்க அளவு தரப்படவில்லையென்றால், ஆட்டம் போகும் வரை இறுக்கி, பின்கை தானாக இறங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். போல்ட்டைக் கழற்றி மரையை நன்றாகத் துடைத்து, நடுத்தர வலிமையுள்ள நீலநிற லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டுப் பூட்டினால் அதிர்வில் கழலாது. சிவப்பு வேண்டாம், பின்னால் சூடேற்றாமல் கழற்ற முடியாது. லாக்டைட் பிளாஸ்டிக் புஷ்ஷின் மேல் படக் கூடாது, சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விழச் செய்யும்.

ஷாக் கழன்றிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். சக்கரத்தை அதன் முழு தூரத்துக்கும் மேலே தூக்கி, பிரேக் கேபிளும் மோட்டார் வயரும் இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று கவனியுங்கள். செயினை மிகப் பெரிய பல்சக்கரத்தில் போட்டு அதே நிலையில் பார்க்கும்போது டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) முழுவதும் இழுத்துக்கொண்டு விறைத்து நின்றால், செயின் குட்டையாக இருக்கிறது. சில வண்டிகளில் இது ஆலையிலிருந்தே வரும் குறை. பெரிய பள்ளத்தில் ஷாக் முழுவதும் அமுங்கும்போது டெரெய்லரின் கொக்கி ஒடிவது இதனால்தான்.

ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்றதா?

ஓட்டுகிறவர் உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவுக்கு சேக் என்று பெயர். மலைப்பாதைக்கு அது ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் (அது அமுங்கக்கூடிய முழு தூரம்) 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். இந்த வண்டிகளில் காணப்படும் ஓர் அளவு 165 மி.மீ. நீளமும் 35 மி.மீ. ஓட்டமும் கொண்ட காயில் (சுருள் ஸ்பிரிங்) ஷாக். வண்டியில் யாரும் இல்லாதபோது ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமான பையும் ஹெல்மெட்டுமாக உட்கார்ந்து, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 9 முதல் 10.5 மி.மீ. குறைந்தால் சரி.

அதிகம் அமுங்கினால் ஷாக்கின் மரை வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தலாம். ஆனால் இரண்டு முழுச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முன் அழுத்தம் கூட்டுவதால் ஸ்பிரிங் கடினமாவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. இரண்டு சுற்றிலும் சேக் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுவதே வழி. ஸ்பிரிங்கின் மேலேயே 550, 650, 750, 850, 1000 என்று அச்சிட்டிருக்கும். ஓர் அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு எடை வேண்டும் என்பதே அந்த எண்.

எந்த எண் வேண்டும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். பின் சக்கரம் 100 மி.மீ. அசையும்போது ஷாக் 35 மி.மீ. அமுங்கினால் நெம்புகோல் விகிதம் 100-ஐ 35-ஆல் வகுத்து வரும் 2.86. பையோடு 75 கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்தால் சுமார் 60 சதவீதம், அதாவது 45 கிலோ, பின்னால் இறங்கும். அது 99 பவுண்டு. 2.86-ஆல் பெருக்கினால் ஷாக்கில் விழும் சுமை 283 பவுண்டு. இது 10 மி.மீ., அதாவது 0.39 அங்குலத்துக்கு அமுங்க வேண்டும். 283-ஐ 0.39-ஆல் வகுத்தால் 726. ஆகவே 750 ஸ்பிரிங். பின்னால் கேரியரில் சுமை ஏற்றுகிறவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம். வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் உள்விட்டமும் நீளமும் பழைய ஸ்பிரிங்கோடு பொருந்துகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இந்தச் சிறிய மாற்றம் வண்டியின் குணத்தை மாற்றுகிற அளவுக்கு வேறு எந்தப் பாகமும் அந்தக் காசுக்கு மாற்றாது.

முன் ஃபோர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 100 அல்லது 120 மி.மீ. காயில் ஃபோர்க், ஒரு பக்கம் முன் அழுத்தக் குமிழ், மறு பக்கம் ஃபோர்க்கை அமுங்காமல் நிறுத்தும் பூட்டு. ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை, குறைக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. குழாய்களைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அடி போல்ட்டுகளைக் கழற்றிக் கீழ்க்கால்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு சஸ்பென்ஷனுக்கென்றே வரும் கிரீஸைப் புஷ்ஷில் தடவிப் பூட்டினால் போதும். ஃபோர்க்கைப் பூட்டிவைத்தபடி கரடுமுரடான பாதையில் இறங்காதீர்கள், பூட்டும் பாகம் உடைந்துவிடும்.

பிரேக்

30 கிலோ வண்டி, அதன் மேல் ஓர் ஆள், கீழ்நோக்கிய பாதை. இந்தச் சுமையை நிறுத்துவதற்கு 160 மி.மீ. ரோட்டரும் கேபிள் பிரேக்கும் தருவது கொஞ்சம் குறைவுதான். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லப்படும் வண்டிகள் பலவற்றில் பிரேக்கைச் சரியாக வைக்காததே காரணம்.

கேபிள் பிரேக்குகளில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டுமே அசையும், உள்பேட் அசையாது. கம்பியை இழுக்கும்போது வெளிப்பேட் ரோட்டரைக் கொஞ்சம் வளைத்து உள்பேட்டின் மேல் அழுத்தும். ஆகவே உள்பேட் ரோட்டருக்கு மிக அருகில், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளியில் இருக்க வேண்டும். காலிப்பரின் உள்பக்கத்தில் ஆலன் துளையோ குமிழோ இருக்கும், அதைத் திருப்பி அந்த இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். பேட் தேயத் தேய கம்பியை மட்டும் இழுத்துக் கட்டுவது தவறு. காலிப்பரின் நெம்புகோல் பாதி தூரம் ஏற்கெனவே திரும்பிவிட்டால் அதற்குப் பலம் குறைந்துவிடும். இரண்டு பேட்டையும் உள்ளே கொண்டுவந்து, கம்பியைப் பழைய நீளத்திலேயே வையுங்கள்.

ரோட்டரின் ஆறு போல்ட்டுகளையும் டி25 டார்க்ஸ் சாவியால் நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். காலிப்பர் போல்ட்டுகளுக்கு 6 முதல் 8. பிறகு பேட்டைப் பதிய வைக்க வேண்டும்: சமதரையில் 20 முதல் 25 கி.மீ. வேகத்திலிருந்து நடக்கும் வேகத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், 20 தடவை நிதானமாகக் குறையுங்கள். முன், பின் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். இதைச் செய்த பின் பிரேக்கின் பிடிப்பு தெளிவாகக் கூடும்.

பிரேக் நெம்பில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. பின் சக்கரத்தைத் தூக்கி மோட்டாரைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு நெம்பையும் லேசாகத் தொட்டு மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் வண்டியை ஓட்டவே கூடாது. ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) பிரேக்குக்கு மாற விரும்புகிறவர்களும் இதே சுவிட்ச்சோடு வரும் நெம்பைத்தான் வாங்க வேண்டும். சுவிட்ச் கனெக்டர் 2 முனையா 3 முனையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 180 மி.மீ. ரோட்டர் போடுவதானால் அதற்கான அடாப்டரும் வேண்டும், ஃபோர்க் அதைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் வரம்பையும் பார்க்க வேண்டும்.

பேட்டின் உராய்வுப் பொருள் 1 மி.மீ. ஆனதும் மாற்றுங்கள். புதிதாக 1.8 மி.மீ. இருக்கும் ரோட்டர் 1.5 மி.மீ. ஆனால் அதையும் மாற்ற வேண்டும்.

பின் சக்கரம்

ஹப் மோட்டாரின் எடை மூன்று முதல் ஐந்து கிலோ. அந்த எடை முழுவதும் சஸ்பென்ஷனுக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்தே ஆடுகிறது. ஷாக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கல்லில் இடிக்கும்போது அந்த மோட்டார் எடை ரிம்மையும் ஸ்போக்கையும்தான் தாக்கும். பின் ஸ்போக் தளர்வதும் அறுவதும் இந்த வண்டிகளில் இவ்வளவு சாதாரணமாக நடப்பதற்கு இதுதான் காரணம்.

100 கிலோமீட்டரிலும் 200 கிலோமீட்டரிலும் ஸ்போக்குகளைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பாருங்கள், அல்லது நகத்தால் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மந்தமாக ஒலித்தால் அதன் நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்) கால் சுற்று மட்டும் இறுக்கிவிட்டு சக்கரத்தைச் சுற்றிக் கோட்டம் பாருங்கள். கால் கால் சுற்றாகவே போங்கள். ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) இருக்கும் பக்கத்து ஸ்போக்குகள் மறுபக்கத்தைவிட இறுக்கமாக இருப்பது இயல்பு, இரண்டையும் சமமாக்க முயன்றால் ரிம் நடுவைவிட்டு விலகிவிடும். ஹப் மோட்டார் ஸ்போக் 12 அல்லது 13 கேஜ், அதாவது 2.6 அல்லது 2.3 மி.மீ. தடிமன். சாதாரணச் சைக்கிளுக்கு வரும் 2 மி.மீ. ஸ்போக் துளையில் ஆடும், அதனால் அறுந்ததை அதே கேஜிலும் அதே நீளத்திலும் வாங்குங்கள். அடுத்தடுத்து ஸ்போக் அறுந்துகொண்டே இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றுவதில் பயனில்லை, சக்கரத்தை முழுவதும் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

அச்சு நட்டை அலட்சியம் செய்யக் கூடாது. மோட்டார் முன்னோக்கிச் சுழற்றும் அதே விசையில் அச்சு பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அச்சின் இருபுறமும் தட்டையாகச் சீவியிருப்பதும், ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் டார்க் வாஷர் இருப்பதும் அதைத் தடுக்கத்தான். நாக்கு ஃபிரேமின் துளைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். நட்டுகளை 40 முதல் 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள், முதல் மாதத்தில் இருமுறை மறுபடி பாருங்கள். தளர்ந்த அச்சு ஒருமுறை சுழன்றால் அதன் உள்ளே ஓடும் மோட்டார் வயரை முறுக்கி அறுத்துவிடும். அலுமினியப் பின்கை உள்ள வண்டியில் தனியாக ஒரு டார்க் ஆர்ம் (அச்சு திரும்பாமல் ஃபிரேமோடு பிடிக்கும் உலோகக் கை) போட்டுவிடுவது பாதுகாப்பு.

2.25 அங்குல டயருக்கு மலைப்பாதையில் 28 முதல் 35 பிஎஸ்ஐ வைத்து, உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பின் டயரில் முன்னைவிட 3 அல்லது 4 பிஎஸ்ஐ கூடுதலாக இருக்கட்டும். காற்று குறைந்தால் ரிம் டியூபை இரண்டு பக்கமும் கடித்துப் பாம்பு கடித்தது போல் இரண்டு துளை போடும்.

ஏற்றமும் பேட்டரியும்

ஹப் மோட்டாருக்குக் கியர் உதவாது. நீங்கள் கியர் மாற்றினாலும் மோட்டார் சுற்றும் வேகம் சக்கரத்தின் வேகத்தோடுதான் இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் 6, 7 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டு த்ராட்டிலை முழுதாகத் திருகினால், பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். உள்ளே இருக்கும் நைலான் பற்சக்கரங்கள் அந்த வெப்பத்தில் மென்மையாகித் தேயும். ஆகவே ஏற்றம் வருவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாறி, வேகமாக மிதித்து, 10 கி.மீ.க்குக் கீழே இறங்காமல் பாருங்கள். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். மோட்டார் உறையில் கை வைக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே அதைவிட அதிகம், நின்று ஆறவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைப் பெட்டியில் அச்சிட்டதை வைத்துக் கணக்கிடாமல், நீங்களே கணக்கிடுங்கள். 48 வோல்ட், 13 ஆம்பியர் மணி பேட்டரியில் 624 வாட் மணி இருக்கும். வண்டியும் ஆளும் சேர்ந்து 105 கிலோ என்றால் 100 மீட்டர் உயரம் ஏற மட்டும் சுமார் 29 வாட் மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரின் திறன் 65 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 44 வாட் மணி போகும். 1000 மீட்டர் ஏறினால் 440. மிதித்துக் கொடுக்கிற பங்கு இதில் கழியும், உருளும் தடை கூடும். ஏற்ற இறக்கமுள்ள மண்பாதையில் கிலோமீட்டருக்கு 20 வாட் மணி என்று வைத்தால் 30 கி.மீ. கிடைக்கும், திரும்பி வரும் தூரமும் அதற்குள் அடங்க வேண்டும்.

திரையில் தெரியும் பேட்டரிக் கோடுகளை நம்பாதீர்கள். அமைப்பில் வோல்ட்டைக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். 48 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறியதும் 54.6 வோல்ட் காட்டும், 39, 40 அருகில் வந்தால் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நிறுத்திவிடும். 36 வோல்ட் பேட்டரிக்கு முழு அளவு 42. சார்ஜர் பச்சை காட்டிய பிறகும் 48 வோல்ட் பேட்டரி 53-ஐத் தாண்டவில்லையென்றால் சார்ஜர் அல்லது பேட்டரியின் உள் செல் வரிசை சோதிக்கப்பட வேண்டும்.

ஓட்டி முடித்த உடனே சார்ஜ் போடாமல், பேட்டரி ஆறும் வரை காத்திருங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது, 45 டிகிரிக்கு மேலும் கூடாது. தினமும் ஓட்டுகிறவர்கள் 80, 90 சதவீதத்தில் நிறுத்தலாம், ஆனால் மாதத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றினால் செல்கள் ஒன்றுக்கொன்று சமமாகும். பல வாரங்கள் ஓட்டாமல் வைப்பதானால் பாதி அளவில் வையுங்கள். பேட்டரி அதன் தண்டவாளத்தில் லொட லொடவென்று ஆடினால் முனைகளில் பொறி பறந்து கருகும், மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். உறை உப்பினாலோ, ரசாயன வாடை வந்தாலோ, பலமாகக் கீழே விழுந்தாலோ அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

பஞ்சர் ஆனால்

வழியில் பின் டியூபை மாற்ற 18 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், சில வண்டிகளில் 19. எது என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு அதையும், டயர் லீவர், டியூப், பம்ப், ஆலன் சாவிகளையும் எடுத்துச்செல்லுங்கள். பேட்டரியை நிறுத்தி, மோட்டார் வயரின் கனெக்டரை நேராக இழுத்துப் பிரியுங்கள். திருகினால் உள்ளே இருக்கும் ஊசி முனைகள் வளையும், அதன்பின் மோட்டார் அதிரும் அல்லது ஓடவே ஓடாது. நட்டுகளைக் கழற்றும் முன் வாஷர்களின் வரிசையைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது வயர் அச்சிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வளைந்து மேலே போகட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. கனெக்டரின் இரண்டு பாதியிலும் உள்ள அம்புக்குறிகள் எதிரெதிரே வந்த பின் நேராக அழுத்தி, உள்ளே கோடு வரை போய்விட்டதா என்று பார்த்து, கடைசியாக அச்சு நட்டுகளை முழு பலத்தோடு இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.